கூட்டம் கத்த முடியாத இரங்கல்

ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கிய செமானை மாதா கோயில் வாசலிலேயே சுட்டார்கள். முதல் குண்டு தோளில் பாய்ந்தது. அந்த வேதனையிலும் அவன் திரும்பி, பின்னால் வந்த தாயை விலகிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அடுத்த குண்டு கழுத்தைக் கிழித்தது. பெற்ற மகனின் சூடான ரத்தம் வர்தேயின் முகத்தில் தெறித்தது. சுட்டவன் பகையாளி ஷல்ஹூப் குடும்பத்து ஆள். அவன் ஓடக்கூட இல்லை. நடந்தே போனான்.

சேதி பெய்ரூத்துக்குப் போய், நடு மகன் கத்தாஸ் பஸ் பிடித்து மலையேறி வருவதற்குள் சவப்பெட்டி தயாராகிவிட்டது.

கத்தாஸ் கணக்கு வாத்தியார். கவிதையும் எழுதுவான். யாப்பு இல்லை, கடைசிச் சொற்கள் ஒலியில் ஒத்துப்போவதில்லை, பக்கம் முழுக்க உரைநடை போல ஓடும். தலைநகரத்தில் ஒரு சிறு பத்திரிகை அதைப் போட்டது. ஊரில் சிரித்தார்கள்.

"வாத்தியாரே, உங்க கவிதை எங்க முடியுதுன்னே தெரியலையே. கைதட்டத் தூக்குன கை தூக்குனபடியே நிக்குது" என்பான் காப்பிக்கடை இல்யான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பிணம் கிடந்தது இல்யானுக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் கத்தாஸ் சகோதரர்களின் தகப்பனை ஷல்ஹூப்கள் வெட்டிப் போட்டபோது, பெரியப்பா தன்னூஸ் பெட்டியருகே நின்று இரங்கல் பாட்டுச் சொன்னார். அந்த மலையில் அதுதான் வழக்கம். பாட்டின் ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல் என்னவென்று ஓசையே காட்டிக் கொடுத்துவிடும். பாடுகிறவர் வாய் திறக்குமுன் கூட்டம் அதைக் கத்தும். இறுதி அடியின் இறுதிச் சொல்லை மட்டும் செத்தவனின் மகனோ தம்பியோ தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் 'பழி'. அதைச் சொன்னவன் கொல்லாமல் திரும்பினால் அவனுக்கு யாரும் பெண் தர மாட்டார்கள், ரொட்டி தர மாட்டார்கள். அன்று மூத்தவன் செமான் சொன்னான். சொன்ன சூட்டோடு ஷல்ஹூப் கிழவரைச் சுட்டுவிட்டுச் சிறைக்குப் போனான். பொதுமன்னிப்பில் வெளியே வந்தவனுக்குத்தான் இப்போது இந்தக் கதி.

அன்று கூட்டத்தோடு கத்தாஸும் தொண்டை கிழியக் கத்தியிருந்தான். அதற்குப் பிறகு, ஒரு வரி தானாக ஓசை பிடித்து ஓடினாலே அவன் கை நின்றுவிடும்.

"பெரியப்பாவுக்குத் தொண்டை போயிருச்சு. நீதான் சொல்லணும்" என்றாள் வர்தே. முகத்து ரத்தத்தை அவள் இன்னும் கழுவவில்லை. "கடைசிச் சொல்ல ருமானோஸுக்கு விட்டுரு."

கடைக்குட்டி ருமானோஸுக்குப் பதினெட்டு வயது. செமானின் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, பெட்டியின் தலைமாட்டில் நின்றான்.

"அம்மா, இவனையும் கொன்னுருவாங்கம்மா."

"கொல்லட்டும். பெட்டி அடிக்கிறவன் இன்னும் இந்த ஊர்லதான இருக்கான்."

கத்தாஸ் பெட்டியின் மேல் கை வைத்தான். கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது.

"செமான், நீ பாதி தின்ற ரொட்டி மேசைமேல் இருக்கிறது. கடித்த இடத்தில் உன் பல் தெரிகிறது. அதை எடுத்து எறிய எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. எதிர் வீட்டிலும் இப்போது ரொட்டி சுடுகிறார்கள். நீ கொன்ற கிழவரின் தட்டை அவர்களும் இன்னும் கழுவவில்லை..."

கத்துவதற்கு வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே நின்றார்கள். எங்கே கத்துவது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"அண்ணா, நான் எப்பச் சொல்லணும்? எங்க வருது?" என்று ருமானோஸ் முணுமுணுத்தான்.

"வராதுடா தம்பி."

தன்னூஸின் துப்பாக்கிக் கட்டை கத்தாஸின் வாயில் இறங்கியது. முன்பற்கள் உடைந்தன. "பொட்டப்பயலே, எதிரி வீட்டு ரொட்டிக்கா ஒப்பாரி வைக்கிற?" என்று இன்னொரு அடி. கத்தாஸ் ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினான்.

தன்னூஸ் காத்திருக்கவில்லை. போன தொண்டையைக் கீறிக்கொண்டு அந்தப் பழைய பாட்டை அவரே எடுத்தார். கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடி இடித்தது போல் கத்தினார்கள். இறுதி அடி. தன்னூஸ் நிறுத்தினார். எல்லாக் கண்களும் ருமானோஸ் மேல் விழுந்தன. அவன் வாய் திறந்தது.

கத்தாஸ் பாய்ந்து தம்பியின் வாயைப் பொத்தினான். ருமானோஸ் கடித்தான், எலும்பு வரை கடித்தான். கை விலகவில்லை. தன்னூஸ் மயிரைப் பிடித்து இழுத்தார். யாரோ விலாவில் உதைத்தார்கள். மூன்று பேரும் பெட்டியின் மேலேயே சரிந்தார்கள். அந்த இழுபறியில் ருமானோஸ் தோளில் கிடந்த துப்பாக்கி வெடித்தது.

கத்தாஸின் முழங்கால் சிதறிப்போனது. கை தானாக வழுக்கி விழுந்தது. ருமானோஸின் வாய் இப்போது சுதந்திரமாக இருந்தது. ஊரே காது கொடுத்து நின்றது.

"அண்ணா" என்று அலறினான் அவன்.

அடி முடிந்துவிட்டது. வேறு சொல்லால் முடிந்துவிட்டது. ஒரு பிணத்தின் மேல் அந்தப் பாட்டை இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. தன்னூஸ் தலையில் அடித்துக்கொண்டார். ருமானோஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருவில் நின்ற ஒரு காய்கறி லாரியை நோக்கி ஓடினான்.

மலைக்குக் கீழே, திரிப்போலி நகர மருத்துவமனையில் கத்தாஸின் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். சபதம் சொல்லாதவனுக்கு ஊரில் இடமில்லை; பிரேசிலில் இருந்த தாய்மாமன் ருமானோஸுக்குக் கப்பல் சீட்டு அனுப்பினார். கத்தாஸ் அதற்குப் பிறகும் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், எழுதினான், ஆனால் இரங்கல் சொல்ல ஊரில் எவரும் அவனை மறுபடி அழைக்கவில்லை.

கப்பல் போன மறுநாள் வர்தே மருத்துவமனைக்கு வந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். மகனின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு தூக்குவாளியைத் திறந்து, பருப்புக் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றி, உடைந்த பல்லில் கரண்டி படாமல் ஊட்டினாள்.

"முழுங்கு" என்றாள்.