எங்க பொண்ணும் உன் சைஸ்தான்

ஜவுளிக்கடை வேலை என்றால் வேறொன்றுமில்லை: மடித்து வைத்ததைப் பிரித்துக் காட்ட வேண்டும், பிரித்ததை மறுபடி மடித்து வைக்க வேண்டும், நடுவில் யாராவது மனம் மாறி ஒன்றை வாங்கியும் விடுவார்கள்.

நான் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. சனி, ஞாயிறுகளிலும் பண்டிகை விடுமுறையிலும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் கடையில் நாற்காலியும் இருக்கிறது. அதில் எப்போது பார்த்தாலும் யாரோ ஒரு கஸ்டமரின் கணவர் உட்கார்ந்திருக்கிறார். துணிக்கடையில் நின்றவர்களே, நிற்பவர்களே, நாளை நிற்கப்போகிறவர்களே, இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

விலை குறைந்த துணிக்கு எங்கள் கடைதான் பேர் போனது. ஏ.சி. போட்ட பெரிய கடைகளில் நாலு மாடியும் ஏறி இறங்கி, வியர்வை காய்ந்த பிறகு, வாங்குவதற்கு மட்டும் எங்களிடம் வருவார்கள். அந்தப் பெருமையெல்லாம் சரி. என் சண்டை வேறு விஷயத்துக்காக.

தீபாவளி வரைக்கும்

எங்கள் கடையில் ட்ரையல் ரூம் கிடையாது. ஆண்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நின்ற இடத்திலேயே சட்டையைக் கழற்றிப் புதுசை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பெண்கள்தான் கட்டியிருக்கிற புடவைக்கு மேலேயே சுடிதார் டாப்ஸை மாட்டிக்கொண்டு, ஒரே உறைக்குள் இரண்டு தலையணையைத் திணித்த மாதிரி நிற்க வேண்டும். கடைக்கே வராத பெண்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அவர்களுக்குப் பதிலாக நான் இருக்கிறேன். "எங்க பொண்ணும் உன் சைஸ்தான்" என்று சொல்லி, என் முதுகில் துணியை வைத்து அளந்து பார்க்காத தாய்மார் இந்த மாவட்டத்தில் குறைவு.

முதலாளி குமார் அண்ணனிடம் ஆறு மாதமாக ஒரு ட்ரையல் ரூம் கேட்டேன். "எடம் எங்கம்மா இருக்குது?" என்றார். மாடிப்படிக்கு அடியில் இருக்கிறதே என்றேன். "அங்க கை உடைஞ்ச பொம்மை நிக்குது" என்றார். கை உடைந்த பொம்மைக்கு மறைவிடம் இருக்கிறது, கையும் காலும் நன்றாக இருக்கிற பெண்களுக்குக் கிடையாதா என்று நான் கேட்டபோது கடையில் கூட்டம் கொஞ்சம் அதிகம். கஸ்டமர்கள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே என் வாய் மேல் அவருக்கு ஏகப்பட்ட புகார். என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் கஸ்டமர் ஒருத்தர்கிட்டகூடச் சண்டை போடாம இரு, நானே ரூம் வச்சுத் தர்றேன். உன்னால முடியாதுங்கற தைரியத்துலதான் சொல்றேன்."

பஸ் ஏறுகிற மாதிரி

ஒப்பந்தம் போட்ட முதல் வாரமே சோதனை. நல்லம்பள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் மகளுக்குக் குர்தா எடுக்க வந்தார். மகள் வரவில்லை, வழக்கம்போல நான்தான் மகள். முன்னால் வைத்துப் பார்த்தார், பின்னால் வைத்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். குனியச் சொன்னார். "பஸ் ஏறுற மாதிரி ஒரு காலைத் தூக்கு பாப்பா, கிழியுதான்னு பாக்கலாம்" என்றார். காலைத் தூக்கினேன். நாற்காலியில் இருந்த யாரோ ஒருவரின் கணவர் வேறு "ரைட், ரைட்" என்று விசில் அடித்தார். ட்ரையல் ரூமை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

மறுநாள் அம்மா மகளோடு வந்து நின்றார். மகள் என் தோளுக்குக்கூட வரவில்லை. குர்தா அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது; நீள அங்கி மாட்டிக்கொண்டு சர்ச்சில் பாட வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால்தானே சண்டை? சும்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மாவும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நேத்து நீ எக்கி நின்னுட்டே பாப்பா."

சாக்கு

மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. கடையில் தமிழில் தொடங்குவார்கள், அவசரத்தில் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். நான் பொம்மிடிக்காரி. எங்கள் ஊரில் ரயில்வே ஸ்டேஷன் உண்டு; ரயில் தெரியும், கன்னடம் தெரியாது.

அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு காட்டன் புடவைகளாக எடுத்துப் போட்டேன். மூன்றாவது புடவையிலேயே "சாக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேறு நல்லதாக எடுத்துப் போட்டேன். "சாக்கு, சாக்கு" என்றார். இன்னும் நல்லதை எடுத்தேன். கையை ஆட்டி "சாக்கம்மா!" என்றார். நெல் பிடிக்கிற சாக்கு மாதிரி இருக்கிறதாம் எங்கள் புடவை! ஒரு சேல்ஸ் கேர்ளின் தன்மானம் அதற்கு மேல் தாங்காது. "ஏங்க, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, இதுவா சாக்கு? நூல் நெருக்கத்தைப் பாருங்க, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க" என்று அலமாரியையே இறக்கிவிட்டேன். புடவை மலைக்குப் பின்னால் அந்த அம்மாவின் தலை மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் எங்கள் சீனியர் மாலாக்கா ஓடி வந்து, "அடியே, கன்னடத்துல அதுக்குப் போதும்னு அர்த்தம்டி!" என்றார். அந்த அம்மா முதலில் எடுத்த புடவையையே வாங்கினார். கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நான் புடவைக்குத்தான் சாக்குன்னு சொன்னேன் கண்ணு, உன் பேச்சுக்குச் சொல்ல நீ வழியே விடலியே."

சாயம்

ரெண்டு பேருக்கும் புரியாத சண்டை கணக்கில் வராது என்று குமார் அண்ணன் பெரிய மனது பண்ணினார். ஒப்பந்தம் பிழைத்தது.

மறுவாரம் ஒரு பெரியவர் சிவப்புத் துண்டு கேட்டார். எங்கள் தொழிலில் "சாயம் போவுமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, "போகவே போகாதுங்க" என்று கண் சிமிட்டாமல் சொல்ல வேண்டும். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "முதல் தடவை துவைக்கும்போது கொஞ்சம் போகுங்க, அப்புறம் போகாது" என்று உண்மையைச் சொன்னேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார்: "அப்ப ஒரு தடவை துவைச்சதா ஒண்ணு எடுத்துக் குடும்மா."

எது நல்லா இருக்குது?

பென்னாகரத்திலிருந்து வந்த புது மாப்பிள்ளை. மனைவிக்குக் காலில் சுளுக்காம். வீடியோ காலில் அவளே புடவை தேர்ந்தெடுப்பாளாம். ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் காட்டினேன். "தொங்கப்போட்டுக் காட்டினா எனக்கு என்னாங்க தெரியும்? யார் தோள்லயாச்சும் போட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றது போன். அவர் கடையைச் சுற்றிலும் பார்த்தார். மாலாக்கா சட்டென்று குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். மறுபடியும் என் தோள்தான்.

பச்சைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். சீக்கிரம் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாப்பிள்ளை, "சூப்பரா இருக்குது!" என்று கத்தினார். போன் அமைதியாகிவிட்டது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தோம். "எது?" என்று கேட்டது போன். "எல்லாமேதான்" என்றார் அந்த அப்பாவி. நான் புடவையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினேன். இப்போது பேசினால் அது சண்டையா, சமாதானமா என்று எனக்கே தெரியவில்லை. புடவையை மடித்தேன். போன் பேசியது: "புடவை எடுத்தது போதும், நீங்க அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வூட்டுக்கு வாங்க."

பார்த்துட்டு வர்றோம்

துணிக்கடைத் தோழர்களே, "பாத்துட்டு வர்றங்க" என்ற வாசகத்தை நீங்கள் அறிவீர்கள். இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டோம் என்று அர்த்தம். இத்தனை நேரம் எங்கள் கடையில் எதைப் பார்த்தீர்கள், போய் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவரையாவது நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. ஒரு குடும்பம், பெரிய குடும்பம், குழந்தைகள் செக்‌ஷனில் தொடங்கி வேட்டி செக்‌ஷன் வரைக்கும் பிரித்துப் போட்டுவிட்டு அந்த வாசகத்தைச் சொன்னது. கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

ஆச்சரியம், திரும்பி வந்தார்கள்! நான் அவசர அவசரமாகப் பாவாடை சட்டைகளை மறுபடி பிரிக்கத் தொடங்கினேன். அவர்கள் துணிகளைத் தாண்டி நேராக நாற்காலிக்குப் போனார்கள். பெரியப்பாவை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எழுப்பினார்கள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து சொன்னார்: "நீங்க எல்லாக் கடையும் பாத்துட்டு வாங்க, இங்க ஃபேன் நல்லா ஓடுது."

நியாயம்

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. இன்னும் சில நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ட்ரையல் ரூம் என் கையில். மாலாக்கா என் வாயில் பாக்கு மிட்டாயாகப் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்.

ப்ளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அவளுக்கு ஒரு நீல டாப்ஸ் பிடித்திருந்தது. "போட்டிருக்கற சுடிதார் மேலயே மாட்டிப் பாருடி" என்றார் அம்மா. அவள் சுற்றிலும் பார்த்தாள். சட்டை பார்க்க வந்த பையன்கள் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "யாருடி பாக்கப் போறாங்க?" என்று அம்மா டாப்ஸை அவள் தலைக்கு மேலே பிடித்து மாட்டத் தொடங்கினார். டாப்ஸுக்குள்ளிருந்து "அம்மா, வேணாம்மா" என்று சன்னமாக ஒரு குரல் வந்தது. அழுகிற குரல்.

நான் மிட்டாயைத் துப்பினேன். "யாரு பாக்கலைங்க? எல்லாரும்தான் பாக்கறாங்க. அது வேணாங்குதில்ல, விடுங்க" என்றேன். "எம் பொண்ணு, நான் போட்டுப் பாக்கறேன், உனக்கென்ன வந்துது?" என்றார் அந்த அம்மா. "உங்க பொண்ணுதாங்க. வெக்கப்படறது அதுதானே?" அவர் பேச, நான் பேச, கடையே எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. கல்லாவில் குமார் அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. ரூம் செலவு மிச்சம். எனக்குத் தெரியும், தோற்றுவிட்டேன். தோற்றதுதான் தோற்றோம், முழுசாகத் தோற்போம் என்று பாக்கி வைத்திருந்ததையெல்லாம் பேசி முடித்தேன்.

அந்த அம்மா திரும்பிப் பையன்களையும் நாற்காலியையும் பார்த்தார். மகளின் தலையிலிருந்து டாப்ஸை எடுத்தார். அவள் முடியைச் சரி செய்துவிட்டார். பிறகு என்னைத் தாண்டிப் போய் நேராகக் கல்லா முன்னால் நின்றார். "ஏங்க, இவ்வளவு பெரிய கடை வச்சிருக்கீங்க, பொம்பளப் புள்ளைங்க மாத்திப் பாக்க ஒரு மறைப்பு வைக்கணும்னு தோணல?" குமார் அண்ணன் என்னைக் கைகாட்டி, "இதையேதாங்க இவ ஆறு மாசமா சொல்லிக்கிட்டிருக்குறா" என்றார். "அப்புறம் ஏன் வைக்கல?" குமார் அண்ணன் கடையின் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார்: "இவ சொன்னதாலதாங்க வைக்கல."

படிக்கு அடியில்

கஸ்டமர் கேட்டால் குமார் அண்ணன் மலையையும் பெயர்ப்பார். அன்றைக்கு மத்தியானமே கை உடைந்த பொம்மை மொட்டை மாடிக்குப் போனது. விற்காத பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று படிக்கு அடியில் திரையாகத் தொங்கியது. உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு ஆணி, ஒரு பல்பு. அதுவரை காத்திருந்த அந்த நீல டாப்ஸ் பெண்தான் முதலில் போனாள். வெளியே வந்தபோது டாப்ஸ் சரியாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை; அவள் சிரிப்பைத்தான் பார்த்தேன். என் கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது. மாலாக்காவிடம் தூசி என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் கைக்குழந்தைகள் பால் குடித்தன. மாலாக்கா டிபன் பாக்ஸ் திறந்தார். ஒரு கணவர் உள்ளே போய், நாற்காலியைவிட இங்கே காற்று குறைவு என்று குறை சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் ஒரு அம்மா மகளுக்கு சுடிதார் கேட்டு வந்தார். நான் நிமிர்ந்து நின்று, இந்த மாவட்டத்துப் பெண்கள் சார்பாக, "இனிமே ட்ரையல் ரூம் இருக்குதுங்க, உள்ள போய்ப் போட்டே பாக்கலாம்" என்று அறிவித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! எம் மவ ஹாஸ்டல்ல இருக்குது, நீயே உள்ள போய்ப் போட்டுட்டு வா கண்ணு."

வாதாடிப் பெற்ற அந்த அறையில் இன்றுவரைக்கும் அதிகமாக உடை மாற்றியவள் நான்தான்.