முருகனுக்குக் கொடுத்த அட்வான்ஸ்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கணக்கியல் விரிவுரையாளர். கூடவே கால்பந்துப் பயிற்றுநர், சாஃப்ட்பால் பயிற்றுநர். இந்தக் கடைசி இரண்டும் என் காலணியால் வந்த வினை. நேர்முகத்துக்குப் போன காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலுக்கு ஓடியபோது தோல் காலணியின் அடி கழன்றுவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, விளையாட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு போனேன். முதல்வர் ஒரு சீன அம்மையார். என் முகத்தைவிட என் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். வேலை கிடைத்தது, இரண்டு அணிகளும் கிடைத்தன.

சாஃப்ட்பாலில் தொல்லை இல்லை. அது பெண்கள் அணி. பள்ளியிலிருந்தே ஆடி வருபவர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதல் நாளே கண்டுபிடித்து, தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்திருப்பேன், அவர்கள் ஜெயிப்பார்கள். கோப்பையோடு எடுத்த படங்களில் எல்லாம் நடுவில் நிற்பது நான்தான்.

கால்பந்து எனக்குத் தெரியும் என்று நானே நம்பியதுதான் சிக்கல். மாமாக் உணவுக்கடையில் டீயோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டங்கள் கொஞ்சமா? பையன்கள் நான் சொன்னபடியே ஆடினார்கள். அதனால் மூன்று பருவங்களாக ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

மூன்றாம் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். கிள்ளானில் நடக்கும் அந்த ஆட்டத்தை ஜெயித்தால் அணி இருக்கும், இல்லையென்றால் கலைத்துவிடுவதாகச் சொன்னார். சமன் செய்தால்? என்று கேட்டேன். சமன் என்பது வெற்றி அல்ல, கணக்கு வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது என்றார்.

அணித்தலைவன் பண்டமாரான் ஊர்ப் பையன். ஜெயித்தால் எல்லாரும் பத்துமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவன் தலையாட்டவில்லை.

“ஜெயிச்சா மொட்டைன்னு சொன்னா முருகன் நம்பமாட்டாரு சார். நம்ம கதை அவருக்குத் தெரியும் லா. தைப்பூசம் ஆட்டத்துக்கு முன்னாடியே வருது. அட்வான்ஸா குடுத்துருவோம்.”

கணக்கியல் படித்தவனுக்கே தோன்றாத யோசனை. தைப்பூசத்தன்று எல்லாரும் வெறுங்காலோடு பால்குடம் சுமந்து படியேறி, மொட்டையடித்துக்கொண்டார்கள். தப்பிக்கப் பார்த்த என்னையும் பிடித்து நாவிதர் முன்னால் உட்கார வைத்தார்கள். என் தலையைப் பார்த்த அவர், பாதி வேலை ஏற்கனவே முடிந்திருப்பதாகச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் ஆட்டம். எதிரணிப் பயிற்றுநர் எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “பாஸ், அந்த கோல்டு முடிக்காரன் வரலையா?” என்று கேட்டார். தங்க நிறச் சாயம் பூசிய அந்தப் பையன்தான் எங்கள் ஒரே கோலடிப்பாளன். நான் பதில் சொல்லாமல் என் மொட்டையைத் தடவிக்கொண்டேன். என் பயிற்றுநர் வாழ்க்கையில் நான் வகுத்த ஒரே வியூகம் அது.

அது பலித்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் முதல் பாதி முழுவதும் தவறான மொட்டையைக் காவல் காத்தார்கள். சரியான மொட்டை கோல் போட்டான். அன்று காலை மொட்டையில் பூசிய சந்தனம் வியர்வையில் கரைந்து எல்லாருடைய காதோரமும் மஞ்சளாக வழிந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நம்ப முடியாமல் பெஞ்சில் இருந்தவர்களிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் நொண்டுவது தெரிந்தது. ஆளை மாற்ற வேண்டும். எண் என்ன என்று அதிகாரி கேட்டார். பையன்களை நான் எப்போதும் முடியை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன்: சுருட்டை, குடுமி, தங்கம். இப்போது திடலில் இருப்பதெல்லாம் ஒரே உருண்டை. நொண்டுகிற மொட்டையைத் தேடி, அவன் முதுகில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். ஒன்பது.

பத்துமலைப் படிகளில் வெயிலில் நடந்ததில் அன்றைக்கு எல்லாருமே கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெளியே வந்தவன் தங்கம்.

“நான் நல்லாத்தானே சார் ஆடிக்கிட்டிருந்தேன்?”

வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது. எங்களுக்கு மிச்சமிருந்ததும் அந்த ஒரு மாற்றுதான். உண்மையில் நொண்டியவன் இடப்பக்கத்திலேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனைத் தாண்டித்தான் பந்து போனது. ஒன்றுக்கு ஒன்று. விசில்.

பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. அணித்தலைவன் மட்டும், “அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா சார்?” என்று கேட்டான்.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் எல்லாரும் போய் நின்றோம். அவர் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு மொட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னுடையதில் நிறுத்தி, என்ன விஷயம் என்றார். அணித்தலைவன் விளக்கினான். தன் அம்மாவும் கோயிலில் வேண்டிக்கொள்பவர்தான், ஆனால் காரியம் முடிந்த பிறகுதான் எதையும் செலுத்துவார் என்றார் முதல்வர். முன்கூட்டியே கொடுத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறாராம். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

“அப்படியென்றால் உங்கள் சாமிதான் உங்களுக்கு ஒரு வெற்றி பாக்கி. அடுத்த பருவம் வரை தவணை தருகிறேன்,” என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “உங்களுக்கு இல்லை, அவருக்கு.”

பையன்களுக்கு முடி வளர்ந்துவிட்டது. தங்கம் மறுபடி தங்கமாகிவிட்டான். எனக்குப் பின்பக்கம் மட்டும் வந்திருக்கிறது. முன்பக்கத்தை முருகனே வைத்துக்கொண்டார். புதிய பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் முடிந்தும் பாக்கி இன்னும் வந்து சேரவில்லை. நான் ரயிலில் போகும்போதெல்லாம் பையன்களின் முதுகு எண்களை மனப்பாடம் செய்கிறேன். நாளைக்கு முருகன் ஏதாவது சாக்குச் சொன்னால், அது என் பெயராக இருக்கக் கூடாது.