இன்னும் ஒரு கட்டி

கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள் லிசா, பிலிப்பைன்ஸ்காரி. திருத்தணியில் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் அம்மா இறந்தபோது அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. முதல் வருட நினைவு நாளுக்கு அம்மாவின் அரிசிச் சேமியாவைச் சமைத்துப் படைக்க ஆசைப்பட்டாள். அதற்கு அவர்கள் ஊர்க் குட்டி எலுமிச்சை வேண்டும்.

சந்தை சந்தையாக அலைந்தோம். கடைசியில் அரக்கோணம் சாலை நர்சரியில், ஒரு தொட்டிச் செடியின் காயைக் கீறி முகர்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அது அழகுக்கு வெக்கிற செடிம்மா, யாரும் துன்ன மாட்டாங்க," என்றார் நர்சரிக்காரர்.

"நாங்க துன்னுவோம். குடுங்க," என்றேன்.

நினைவு நாள் வரை காய்கள் தாங்காது. சாற்றைப் பிழிந்து ஐஸ் தட்டில் உறையவைத்தோம்.

அன்று சூடான சேமியாவில் அந்தக் கட்டிகள் மணத்தோடு கரைந்தன. லிசா ஒரு வாய் எடுத்துச் சுவைத்தாள். எங்கள் வீட்டில் படைக்கும் முன் யாரும் ருசி பார்ப்பதில்லை.

"இன்னாடி இது, படைக்கறதுக்கு முன்னாடியே வாயில வெச்சிட்டா?" என்று என் கணவர் என்னைக் கேட்டார்.

லிசா சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியாதுக்கா. அம்மா வெக்கிற புளிப்பு வந்துச்சான்னு பாத்தேன்."

அவளுக்கு வேறு எப்படித்தான் தெரியும்?

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு கட்டி வேணும்க்கா."

நானே போட்டேன். கிளறி, கரண்டியை அவள் வாயருகே நீட்டினேன். கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர் மகள் தலையாட்டிய பிறகே இலையில் பரிமாறினேன்.