ஷட்டரில் ஒட்டிய ரகசியம்

போன புதன்கிழமை, மத்தியான ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய மஞ்சுளா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

மஞ்சுளா எங்கள் கீழ் வீட்டில் குடியிருப்பவள். வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்த ஊர். அப்பா, அம்மா மாந்தோப்பில் கூலி வேலை. இவள் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் அசெம்ப்ளி லைனில் இருக்கிறாள். அந்த லைனிலிருந்து இவள் ஒருத்தியைத்தான் வெளிநாட்டு ட்ரெயினிங்குக்கு எடுத்திருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் வேண்டாமா? ஆன்லைனில் பதிவு செய்து, வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லித் தேதியும் வாங்கியாயிற்று. அந்தத் தாளை பிரின்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதி எப்போதோ… அதுவரை கம்பெனி காத்திருக்குமா? வேறு ஆளை அனுப்பிவிடும்.

அந்தத் தாளை எடுக்க வேண்டிய பாஸ்வேர்டை எழுதிவைத்த துண்டுச்சீட்டு யூனிஃபார்மோடு வாளியில் ஊறிக் கூழாகிவிட்டதாம்.

நீ வைத்த பாஸ்வேர்ட் உனக்கே மறந்துபோச்சா என்று சிடுசிடுத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"நான் எங்கக்கா வெச்சேன்? எல்லாம் நாகராஜண்ணன்தான் போட்டுக் குடுத்தாரு."

நாகராஜ், ஜூஜுவாடி போகும் வழியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ — கேட்ட பாஷையில் பதில் சொல்வார். எங்கள் ஏரியாவுக்கு அவர்தான் ஆன்லைன் சர்க்கார்! ஓடினோம். ஷட்டர் சாத்தியிருந்தது. அதன்மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை… மாப்பிள்ளை சாட்சாத் அவரேதான். போன் ஸ்விட்ச் ஆஃப். மனுஷனுக்கு முகூர்த்தம் கிடைத்த நேரத்தைப் பாருங்கள் என்று நடுரோட்டில் நின்று திட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு சென்டருக்குப் போனோம். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு அந்த வெப்சைட் ஒரு ரகசியக் கேள்வி வைத்திருந்தது: உங்கள் அம்மாவின் பெயர் என்ன? மஞ்சுளா சிரித்தபடி அடித்தாள். தப்பு என்றது. இன்னொரு தடவை. தப்பு! பெற்ற அம்மாவின் பெயரைத் தப்பென்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கூட்டமாக இருக்கும்போது ஒவ்வொருத்தரிடமும் அம்மா பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க நாகராஜுக்கு ஏது நேரம்? எல்லோருக்கும் தன் அம்மாவின் பெயரையே போட்டுவிடுவாராம்.

சரி, அவர் அம்மா பெயருக்கு எங்கே போவது? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்… பத்திரிகை! ஆட்டோ பிடித்துத் திரும்பி ஓடினோம். பெற்றோர் பெயர், தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். முனியம்மா. எத்தனையோ பேருடைய ரகசியம், 'அனைவரும் வருக' என்ற வரிக்கு மேலே, லாரிப் புழுதியில் ஒட்டிக்கிடந்தது.

அதே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு சென்டருக்கே திரும்பினோம். அக்கவுன்ட் திறந்தது. தாள் கைக்கு வந்ததும் மஞ்சுளா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புது பாஸ்வேர்ட், புதுக் கேள்வி, எல்லாம் அவளே வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு நிறைந்துபோனது. ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நின்று கைகட்டிக் கேட்டதெல்லாம் இனி ஆன்லைனில் நம் தெருவுக்கே வரப்போகிறது… வரட்டும். வீட்டுச் சாவியை நம் இடுப்பில்தானே செருகிக்கொள்கிறோம்? இந்த பாஸ்வேர்டையும் அப்படிச் செருகிக்கொண்டால் போயிற்று.

வெள்ளிக்கிழமை வேலை நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கும் போனோம். மாப்பிள்ளையின் அம்மாவிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டேன்.

"நாகராஜ் ஒருத்தன்தாம்மா."

"புதன்கிழமை வரைக்கும் நானும் உங்க பொண்ணுதாம்மா," என்று மஞ்சுளா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வருமான வரி அக்கவுன்ட்டையும் நாகராஜ்தான் திறந்து கொடுத்திருந்தார்!