சிவப்புப் பூவும் பயோ-மெடிக்கல் இன்ஜினியரிங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படிப்பைப் பற்றி இருபது நிமிடம் பிரசங்கம் செய்தேன். அந்தப் படிப்பு என்னவென்று எனக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வருவதில்லை. இத்தனை வருஷமாக என் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது?

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை நாமக்கல்லில் இருந்து டிரங்க் கால். பேசியது என் அக்கா வீட்டுக்காரர். ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரர். போனில் பேசினாலும் டீசல் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"மாப்ள, நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. புள்ள என்னமோ பயோ-மெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கோணும்ங்கறா. அது என்ன ஏதுன்னு எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. நீங்கதான் வந்து சொல்லோணும்."

புள்ளை என்றால் கலைவாணி, அவருடைய ஒரே மகள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். மெடிக்கலுக்குக் கொஞ்சம் போதாது, இன்ஜினியரிங்குக்குத் தாராளம். அப்ளிகேஷன் போய்ச் சேரக் கடைசி நாள் வியாழக்கிழமை. அப்பா சரி என்றால் அவள் கேட்ட படிப்பு. இல்லாவிட்டால் உள்ளூரிலேயே ஏதோ ஒரு பி.எஸ்ஸி. எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு பி.எஸ்ஸி. என்பது கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாப். பெரும்பாலும் இறங்குவதற்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எனக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் குடியிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால், கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்து போய்விடுமே... அதனால் கேட்காமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் சபை கூடியது. மச்சான், அக்கா, நான், மச்சானின் பங்காளி செல்லமுத்து. செல்லமுத்து போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் ஒரு கருத்து சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "பயோ என்றால் உயிர். மெடிக்கல் என்றால் மருத்துவம். இன்ஜினியரிங் என்றால்..." — அது அவர்களுக்கே தெரியும். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. "ரஷ்யாவில், ஜப்பானில் எல்லாம் இது எங்கேயோ போய்விட்டது" என்றேன். நாமக்கல்லில் இருந்து யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

செல்லமுத்து முகம் மலர்ந்தது. "லாரிக்கு வருசாவருசம் எஃப்.சி. பண்றாப்புல மனுசனுக்குப் பண்றதுங்களா?"

"ஏறக்குறைய அப்படித்தானுங்க" என்றேன்.

அக்காவுக்கு வேறு சந்தேகம். "ஊசி போடுவாளாடா?"

"அது... போட மாட்டான்னு நெனைக்கறேன்க்கா."

"ஊடு கட்டுவாளா?"

"அதுவும் இல்லைக்கா."

"ஊசி போடாத டாக்டரு, ஊடு கட்டாத இன்ஜினியரு. இது என்னடா படிப்பு?"

எனக்கு வேர்த்தது. பிரசங்கத்தை ஜப்பான் பக்கமே மறுபடியும் ஓட்டிக்கொண்டு போனேன்.

மச்சான் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்து, நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏனுங்க மாப்ள, ஆஸ்பத்திரியில இருக்கற மெசினைக் கழட்டி மாட்டற வேலையின்னா, அது மெக்கானிக் வேலைதானுங்க? என்ற பட்டறையில எட்டுப் பேரு கரிப்புடிச்சுக் கெடக்கறானுங்க. என்ற புள்ள ஸ்பேனர் புடிக்கவா இத்தனை படிச்சுது?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். கலைவாணி கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

"செரி, சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்று மச்சான் எழுந்தார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பெரிய முடிவு எதையும் மனுஷன் எடுப்பதில்லை. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் குலதெய்வத்தின் காலடியில் வைப்பார்கள். மனசுக்குள் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கிடையாது. கல்யாணம், கிணறு வெட்டுவது, லாரி வாங்குவது — எல்லாம் இப்படித்தான். அப்பீல் கிடையாது. சாமிக்குப் பயோ-மெடிக்கல் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த அளவாவது தெரியும்.

மச்சான், கலைவாணி, நான். நல்ல காரியத்துக்கு மூன்று பேர் போகக்கூடாது என்று செல்லமுத்துவையும் அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டோம். மச்சான் வண்டி ஓட்டினார். அக்கா வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

கோயிலில் பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்தார். மச்சான் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. மனசுக்குள் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டு கேட்பது பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சாமி... என்ற புள்ளைய இந்த பயோ... பயோ..." கண்ணைத் திறக்காமலேயே என் பக்கம் திரும்பினார். "மெடிக்கல்" என்று எடுத்துக் கொடுத்தேன். "...மெடிக்கல்ல சேத்தலாமா, சாமி?"

தேங்காய்ச் சில்லுக்காக நின்றிருந்த ஒரு சிறுமி பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கலைவாணி திருநீறு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. கொஞ்சமாவது தெரிந்துகொண்டு வந்து பேசியிருந்தால் கோயில் வரைக்கும் வந்திருக்குமா? என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

பாதி வழியில் மனசு பொறுக்காமல் கேட்டேன். "ஏன் கண்ணு, இத்தனை படிப்பு இருக்க, நீ ஏன் இதைப் பிடிச்சே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருசம் முன்னால அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சுங்கள்ல, மாமா. சேலம் கூட்டிட்டுப் போனப்ப நாந்தான் கூட இருந்தேன். டாக்டர் இருந்தாரு. நர்சம்மா இருந்தாங்க. ஈ.சி.ஜி. மெசின் மட்டும் ஓடலைங்க. டாக்டர் அதைத் தட்டித் தட்டிப் பாக்கறாரு. அதை ரிப்பேர் பண்ண மெட்ராஸ்ல இருந்து ஆள் வரோணும், நாலு நாள் ஆகும்னாங்க. அப்பறம் அப்பாவைத் தூக்கி மறுபடியும் கார்ல போட்டு, வேற ஆஸ்பத்திரி தேடிட்டுப் போனமுங்க."

வண்டி வேகம் குறைந்தது.

"நம்ம லாரி எந்த ரோட்டுல நின்னாலும் ஒரு மணி நேரத்துல மெக்கானிக் வாரானுங்க, மாமா. அன்னைக்கு அப்பா நின்னுபோயிருந்தா?"

மச்சான் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போவதாகச் சொன்னார். கேன் தண்ணீர் முழுக்க அவர் முகத்துக்கே செலவானது. ரொம்ப நேரம் பானெட்டுக்குப் பின்னாலேயே நின்றார். இறங்கப் போன செல்லமுத்துவை நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே பேசினார். "மாப்ள, பூக் கேட்டதுல ஒரு விசயம் இருக்குதுங்க. இந்தப் படிப்பு வேண்டாம்னு புள்ளகிட்டச் சொல்லிப்போடட்டுமான்னுதான் நான் சாமியக் கேட்டேன். செவப்பு வந்துருச்சு. சொல்லாதேன்னு உத்தரவுங்க."

செல்லமுத்து முழித்தார். "ஏனுங்ணா, நீங்க சேத்தலாமான்னு..."

"நான் மனசுக்குள்ள கேட்டது உனக்கு எப்படிடா தெரியும்?"

"இல்லைங்ணா... சந்தேகம்னா இன்னொருக்காப் போயிக் கேட்டுப்போடலாமுங்க."

"சாமி சொன்னப்பறம் ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு அது என்ன ஆர்.டி.ஓ. ஆபீசா? வாய மூடிட்டு வாடா."

பிறகு என்னைப் பார்த்தார். சேத்தலாமா என்று அவர் கேட்டதற்கு நான் சாட்சி. படிப்பின் பெயரையே நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "ஆமாங்க மச்சான்" என்றேன். அன்றைக்குக் காலையில் இருந்து நான் சொன்ன பொய்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பின் சீட்டில் கலைவாணி தாவணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். "என்னங்க பூ வந்துச்சு?"

"செவப்பு. நாளைக்கே அப்ளிகேசன் போட்டுரோணும்" என்று சொல்லிவிட்டு மச்சான் உள்ளே போய்விட்டார். வெயிலில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலையோடு அக்கா என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

இனி ஊரெல்லாம் 'சாமி உத்தரவு' என்றுதான் மச்சான் சொல்லிக்கொண்டு திரிவார். திரியட்டும். எங்கள் பக்கத்து அப்பாக்கள் குலதெய்வத்தின் பெயரில்கூடப் பொய் சொல்லிவிடுவார்கள்... பெற்ற மகள் பேசித்தான் மனசு மாறினேன் என்று மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.