மண்ணுக்கடியில் ஒரு பெரட்டு

அன்று மண்ணுக்குள் கிடந்தபோது ரோஸி அக்காவிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. என் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன வாரம் வண்டிப்பெரியாரிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர், "டீச்சர், ரோஸி டீச்சர் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க" என்றபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

உங்களுக்கு அவரைத் தெரியும். நம் எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சவரிமுத்து கங்காணியைப் போலவே பேசிக் காட்டி நம்மைச் சிரிக்கவைத்தவர். அந்தக் குரல் எனக்கு என்ன செய்தது என்பதை மட்டும் யாரிடமும் நான் விரிவாகச் சொன்னதில்லை.

எமர்ஜென்சி வந்த வருடத்து ஆடி மழை. டீச்சர்களான நாங்கள் இருவரும் தங்கியிருந்த வீட்டின் மேல் பின்னாலிருந்த மேடு சரிந்தது. எங்களுக்கு நடுவே இடிந்த சுவரும் சேறும். ஆபத்தில் தப்பியவர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அவர்களெல்லாம் துணிச்சல்காரர்கள். எனக்கு வந்தது தூக்கம். இதமான, யாரும் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்று தோன்றிய தூக்கம்.

அப்போது அக்கா பெரட்டைத் தொடங்கினார். காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆட்களை நிறுத்துவாரே, அதே இழுத்த குரல்.

"எஸ்தரு!"

"இருக்கேன்."

சற்றுக் கழித்து மறுபடி. மறுபடி. ஒரு முறை நான் பதில் சொல்லவில்லை.

"எஸ்தருக்கு அரைப்பேரு."

பிந்தி வருபவர்களுக்குப் பாதி நாள் கூலிதான், அதுதான் அரைப்பேர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எங்கக்கா பிந்தி வந்தேன்? முதல்லருந்து இங்கனதானே கெடக்கேன்?"

"வாயைப் பாரு. இன்னொருவாட்டி பதில் வரலன்னா பேரே கெடையாது. வீட்டுக்குப் போயிரு."

"வீடுதான் மேல கெடக்கே."

இருவரும் சிரித்தோம். தூக்கம் போயிற்று.

மேலே தேடிக்கொண்டிருந்த கங்காணிக்குத் தன் குரலே மண்ணுக்குள்ளிருந்து கேட்டது. "எவ அவ, என்னையப் பழிச்சுக் காட்டுறது?" என்று அதட்டியபடியே அந்த இடத்தில் தோண்டச் சொன்னார்.

வெளிச்சம் விழுந்ததும் அக்கா சொன்னது: "அவளை முதல்ல எடுங்க. குரல் நடுங்குது. அந்தப் பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குது."

பிறகு ஒரு நாள், பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம் இல்லாமலா? அது பாட்டுக்குக் கெடந்துச்சு. எனக்குப் பேர் கூப்பிடுற வேலை இருந்துச்சுல்லா" என்றார்.

என்னிடம் தங்கியிருப்பது அந்த வேலைதான். பயம் வரும் நாட்களில் என் பெயரை நானே மெல்லக் கூப்பிட்டுப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வியாழனன்று அடக்கம். கங்காணி கடைசிவரை நின்றார். மறுநாள் அக்கா எடுத்த அதே மூன்றாம் வகுப்பில் நான் பெயர் கூப்பிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.