முப்பத்தொன்பதாம் இடம்

சத்தியபாமா ரீச்சரை ஓட வைத்தது ஒரு பஸ். 1973ஆம் ஆண்டு மே மாதம், மெல்பேர்னுக்கு வெளியே டண்டினொங்குக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணிதம் படிப்பிக்கச் சேர்ந்து மூன்றாவது கிழமை. ஆசிரியர் கூட்டம் இழுபட்டு முடிந்தபோது நாலு பத்து பஸ் அவள் கண்ணுக்கு முன்னாலேயே புகை விட்டுக்கொண்டு போனது. அடுத்தது ஐந்து பத்துக்கு. வீடு நாலரை மைல். குளிருக்குள் ஒரு மணித்தியாலம் விறைத்துக்கொண்டு நிற்க அவளுக்கென்ன விசரா? சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள், பையைக் குறுக்கே மாட்டினாள், நடந்தாள். அரை மைலில் நடை அலுத்துவிட்டது. ஓடினாள். வீட்டுக் கேற்றைத் திறக்கும்போது ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அடுத்த பஸ் பள்ளிக்கூட வாசலுக்கே வந்திருக்காது. இந்த நாட்டுக்கு வந்து அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பஸ் நேரத்துக்கு வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தவள் ஜூடித் என்ற அமெரிக்கக்காரி. ஆசிரியர் பஞ்சம் என்று அப்போது அமெரிக்காவிலிருந்து ஆட்களை விமானம் விமானமாகக் கூட்டி வந்தார்கள். ஜூடித் நெடுந்தூர ஓட்டக்காரி. தன் நாட்டில் மரதன் ஓடி, பெயரும் நேரமும் பதிவானவள். சேலையோடு ஓடும் கணக்கு ரீச்சரைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான். பெண்கள் அதிக தூரம் ஓடினால் கருப்பை கீழே இறங்கிவிடும் என்று ஆண் ஆசிரியர் ஒருவர் தேநீர் நேரத்தில் விளக்கம் சொல்ல, ஜூடித் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, இருபத்தாறு மைல் ஓடியும் எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்றாள். அந்த மனிதர் பிறகு இருவரோடும் கதைக்கவில்லை. பெரிய இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது ஜூடித் ஒரு சோடி சப்பாத்தும் ஒரு நிறுத்தற்கடிகாரமும் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குள் சத்தியபாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பதினெட்டு மைல் ஓடிக்கொண்டிருந்தாள்.

தொல்லை கொடுத்தது காலல்ல, கழுத்து. ஒன்பது பவுண் தாலிக்கொடி. ஓட ஓட அது நெஞ்செலும்பில் இடித்து, தோல் உரிந்து, சட்டையில் இரத்தம் ஒட்டியது. கொடியைச் சட்டையோடு சேர்த்து ஊசி குத்திப் பார்த்தாள். ஊசியும் சேர்ந்து குத்தியது.

"கொடியைக் கழட்டி வைச்சிட்டு ஓடும்" என்றான் கணவன் நித்தியானந்தன். தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளன். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதன்.

"எங்கை வைக்கிறது? போன கிழமை பின்வீட்டிலை கள்ளன் பூந்தவனெல்லோ?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நீங்கள் போட்டுக்கொண்டு இருங்கோ!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் பொறியியலாளன் அல்லவா, யோசித்துப் பார்த்தான். அந்த யோசனையில் ஒரு பிழையும் தெரியவில்லை. வாங்கித் தன் கழுத்தில் போட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டான்.

அப்போது மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. மாதப் பூசைக்கு எல்லோரையும் சேர்ப்பவர் அரியரத்தினம் அங்கிள். யார் யார் வந்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பவரும் அவரே. அந்தக் கொப்பியில் அவள் 'திருமதி நித்தியானந்தன்'. எந்தப் பெண்ணுக்கும் அதில் சொந்தப் பெயர் கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் இவர்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோது, சத்தியபாமா காற்சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து, வெறுங்கழுத்தோடு உள்ளே வந்தாள். அங்கிளுக்குத் தேநீர் புரையேறியது.

"பிள்ளை, கழுத்திலை ஒண்டையும் காணேல்லை?"

அவள் வாயைத் திறக்க முன்னர் நித்தியானந்தன் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினான்.

"எங்கடை வீட்டிலை தாலி கழுத்திலைதான் இருக்குது, அங்கிள்."

அங்கிள் அவனுடைய நெஞ்சில் கிடந்த கொடியைப் பார்த்தார். பிறகு தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டு "போட்டு வாறன்" என்று எழும்பினார். அன்றைக்கு அவள் தன் கணவனைப் புதிதாகக் காதலித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

எழுபத்துநாலு ஓகஸ்ட்டில் அப்பகுதி ஓட்டக் கழகம் மரதன் நடத்தியது. கழகச் செயலாளர் திரு. ட்ரஸ்கொட், மரியாதை தெரிந்த மனிதர். மறுப்பதையும் மரியாதையாகவே செய்வார். பெண்களுக்கு நெஞ்சில் குத்தும் இலக்கம் கிடையாது, நேரம் எடுக்கப்படாது, முடிவுப் பட்டியலில் பெயர் வராது என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார்.

"வீதியில் ஓடலாமா?" என்று கேட்டாள்.

"வீதி எல்லோருக்கும் பொதுதானே, அம்மணி."

"அது போதும்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் வெளிப்படையாகச் சொன்னாள்: "எனக்குக் கிண்ணமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அந்தத் தாளிலை என்ரை பேர் வரவேணும். ஓடினது நான்."

ஓடினாள். தண்ணீர் மேசைக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நித்தியானந்தன் ஐந்து மைலுக்கு ஒரு தரம் காரை நிறுத்தி, போத்தலில் உப்புக் கஞ்சி நீட்டினான். கடைசி மைலில் அவள் கணக்கு ரீச்சரின் வேலையைச் செய்தாள். தனக்கு முன்னால் ஓடியவனின் இலக்கம் நூற்றுப் பன்னிரண்டு, பின்னால் மூச்சிரைத்தவனின் இலக்கம் எண்பத்தேழு. இரண்டையும் மனத்தில் எழுதிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். நேரம் எடுப்பவர் அந்த ஒரு கணம் மட்டும் வானத்தைப் பார்த்தார். நித்தியானந்தன் கடிகாரத்தைப் பார்த்தான்: மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை கழக அறிவிப்புப் பலகையில் பட்டியல் தொங்கியது. 112 அறுபத்தோராவது, 87 அறுபத்திரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் பதினேழு வினாடி இடைவெளி. அந்தப் பதினேழு வினாடிக்குள் அவள் இருந்தாள். கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்து, பிள்ளைகள் கணக்கில் விட்ட படியைச் செருகப் போடும் அதே அடையாளத்தை இரண்டு வரிக்கும் நடுவில் போட்டு, பெயரையும் நேரத்தையும் எழுதினாள்.

"இது கழகத்தின் சொத்து!" என்று ஓடி வந்தார் ட்ரஸ்கொட்.

"அப்படியென்றால் பிழையில்லாமல் வைத்திருங்கள்."

அவர் தாளைக் கிழித்து வேறு தாள் போட்டார். அவள் புதன்கிழமையும் போனாள். வெள்ளிக்கிழமையும் போனாள். மூன்று தாள் கிழிந்த பிறகு, நாலாவதைக் கிழிக்க அவருக்கே அலுத்துப்போய்விட்டது.

எழுபத்தைந்தில் மனிதர் புத்திசாலியாகிவிட்டார். பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டுப் போட்டார். பேனை கண்ணாடியில் வழுக்கியது. சத்தியபாமா கைப்பையைத் துழாவினாள். அதற்குள் சாந்துப் பொட்டுக் குப்பி இருந்தது. குச்சியைத் தோய்த்து, ஐம்பத்துநாலுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நேர் நடுவில், கண்ணாடி மேல் எழுதினாள். பிறகு எஞ்சியதில் தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். காய்ந்த சாந்து இலேசில் போகாது என்பது ட்ரஸ்கொட்டுக்குத் தெரியாது. வெந்நீர் வாளியோடு அவர் பட்ட பாட்டை உறுப்பினர்கள் கண்டு சிரித்தார்கள். அடுத்த வருடமும் பூட்டு, அடுத்த வருடமும் சாந்து. இதற்கிடையில் இன்னும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் இலக்கமில்லாமல் ஓட வந்தார்கள். அவர்கள் கையிலும் சிவப்புப் பேனை இருந்தது.

எழுபத்தேழில் அவளுடைய நேரம் மூன்று மணி பதினாலு நிமிடம். பள்ளிக்கூடம் விட்டுச் சேலையோடு கழகத்துக்குப் போனால், பலகையில் கண்ணாடி இல்லை. பட்டியலில் முப்பத்தெட்டாவது ஆளுக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே முப்பத்தொன்பது. ட்ரஸ்கொட் பேனையை நீட்டினார். தோற்றுப்போனாலும் பெருந்தன்மையாகத் தெரியவேண்டும் என்ற நினைப்பு முகத்தில் இருந்தது.

"உங்களுக்கு இடம் விட்டிருக்கிறோம், மிஸிஸ் நித்தியானந்தன்."

அவள் பேனையை வாங்கவில்லை. மூன்று வருடக் கோபம் எல்லாம் ஒன்றாக ஏறியது. ஆனால் குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது.

"மூன்று வருடம் உங்கள் பிழையை நான் திருத்தினேன். இனி நீங்களே திருத்துங்கள். தட்டச்சில்."

"சரி, பெயரை அடித்துவிடுகிறேன். மிஸிஸ்..."

"சத்தியபாமா. என் பெயர் அதுதான்."

அவர் தாளைக் கழற்றி இயந்திரத்தில் செருகினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. முடிந்ததென்று அவர் தாளை உருவப் போனார்.

"இலக்கம்?" என்று கேட்டாள்.

"இலக்கமா?"

"முப்பத்தெட்டுக்குப் பிறகு வந்தது நான். முப்பத்தொன்பது நான். எனக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் ஒரு படி இறங்கவேண்டும். மற்ற இரண்டு பெண்களையும் அவரவர் இடத்தில் போடுங்கள், அவர்களுக்குக் கீழேயும் ஒவ்வொரு படி இறங்கவேண்டும்."

ட்ரஸ்கொட் பட்டியலைப் பார்த்தார். நூற்றுமுப்பது பேர். கடைசி ஆள் வரைக்கும் மாற்றவேண்டும். அவளைப் பார்த்தார். அவள் மூலையில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் பெருமூச்சு விட்டுப் புதுத் தாள் எடுத்தார். முதலாம் ஆளிலிருந்து தட்டத் தொடங்கினார். கடைசி ஆள் விழும்வரை அவள் எழும்பவில்லை. வெளியே அவளுடைய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

அவள் பட்டியலின் கார்பன் பிரதி ஒன்றை வாங்கிச் சுருட்டிக் கையில் பிடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். கழகத்திலிருந்து வீடு ஆறு மைல்தான்.